ஹாக்கர் 800எக்ஸ்பி, லியர்ஜெட் 60, சாவரின்: கையில் எப்படி இருக்கும்?

கிங்ஏர்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கிங் ஏர் பி200-ல் (ப்ரொபெல்லர் சுழலும் இரட்டை எஞ்சின் டர்போப்ராப்) மூவாயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன். ஜெட் அனுபவம் சிமுலேட்டரோடு சரி.

நான் யாருக்கு ஓட்டுகிறேனோ அவர் கிங் ஏரைக் கொடுத்துவிட்டு மிட்சைஸ் ஜெட் ஒன்று வாங்கப் பார்க்கிறார். பழையதுதான். ஹாக்கர் 800எக்ஸ்பி ஒன்று, லியர்ஜெட் 60 ஒன்று, சைட்டேஷன் சாவரின் ஒன்று என மூன்று கையில் வந்திருக்கின்றன. முதலாளியின் மனசு லியரில் இருக்கிறது. "51,000 அடி போகுமாம், மழை மேகமெல்லாம் காலுக்குக் கீழே" என்று தரகர் ஏற்றிவிட்டிருக்கிறார். ஆனாலும், ஓட்டப்போகிறவன் நீதான், உன் கருத்தைச் சொல் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

எங்கள் ஓட்டம் இப்படி: ஆறு பேர், பெரும்பாலும் 1,000 முதல் 1,200 கடல் மைல். மாதத்தில் நாலைந்து தடவை 5,000 அடி ரன்வே ஒன்றுக்குப் போக வேண்டும். தூரம் 500 மைல்தான், ஆனால் அங்கே எரிபொருள் கிடையாது. திரும்பி வருவதற்கும் சேர்த்து நிரப்பிக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

விற்பனைத் தாளைப் படித்துவிட்டேன், மூன்றும் தங்கம் என்றுதான் எழுதியிருக்கிறது. ஓட்டியவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்களேன். டர்போப்ராப்பிலிருந்து போகிறவனுக்கு எது கையைக் கடிக்கும்?

இடதுசீட்

தம்பி, மூன்றும் ஓட்டியவன் நான். ஹாக்கரில் ஆறு வருஷம், லியர் 60-ல் மூன்று, இப்போது சாவரினில் ஐந்தாவது வருஷம். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தரகர் கொடுத்த தாளில் வேகம், உச்ச உயரம், தூரம் மூன்றையும் கையால் மூடிக்கொள்ளுங்கள். அதிகபட்ச டேக்ஆஃப் எடையையும் இறக்கைப் பரப்பையும் மட்டும் எடுத்து, முன்னதைப் பின்னதால் வகுங்கள். உங்கள் பி200-க்கு 12,500 பவுண்ட், 303 சதுர அடி. ஒரு சதுர அடி இறக்கை 41 பவுண்ட் சுமக்கிறது. சாவரின் 30,300-ஐ 516-ஆல் வகுத்தால் 59. ஹாக்கர் 28,000-க்கு 374, அதாவது 75. லியர் 60-க்கு 23,500 பவுண்ட், இறக்கை வெறும் 264.5 சதுர அடி. 89 வருகிறது.

உங்கள் கை 41-ல் வளர்ந்தது. கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

லியரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதை நான் நேசித்தேன். மறைக்க ஒன்றுமில்லை. பக்கத்துக்கு 4,600 பவுண்ட் த்ரஸ்ட் (எஞ்சின் தள்ளும் விசை), 23,500 பவுண்ட் உடம்பு. முழு எடையிலும் இருபது நிமிடத்துக்குள் 41,000 அடியில் உட்கார்ந்துவிடும். அந்த ஏற்றத்தை முதல் தடவை பார்த்த அன்று வாய் மூடவில்லை எனக்கு. டர்புலன்ஸிலும் அதுதான் ராஜா. சின்ன இறக்கையில் பெரிய எடை இருப்பதால் காற்றின் குத்து அதைத் தூக்கிப் போடாது, வெட்டிக்கொண்டு போகும். பின்னால் இருக்கிறவர்கள் தூங்குவார்கள்.

அதே சின்ன இறக்கை கீழே இறங்கும்போது கடனைத் திருப்பிக் கேட்கும். அதிகபட்ச லேண்டிங் எடைக்குப் பக்கத்தில் இறங்கினால் அப்ரோச் வேகம், அதாவது ரன்வேயை நெருங்கும் வேகம், 140 நாட் பக்கம் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). சாவரினில் நான் பெரும்பாலும் 110-க்குள் வருகிறேன். 110-க்கும் 140-க்கும் என்ன, முப்பது நாட்தானே என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு பவுண்ட் எடைக்கும் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் அறுபது சதவீதம் கூடுதல்.

லியரில் எனக்கு இரண்டாவது மாதம். ஹாக்கர் பழக்கத்தில் ரன்வே முனையைத் தாண்டியதும் த்ரஸ்ட்டை முழுசாக இழுத்துவிட்டேன். ஹாக்கர் அதை மன்னிக்கும், கொஞ்சம் தவழ்ந்து போய் உட்காரும். லியர் அப்படியே அமுங்கிவிட்டது. நான் யோக்கை (கட்டுப்பாட்டுக் கைப்பிடியை) இழுத்தேன், மூக்கு நிமிர்ந்தது, அமுங்குவது நிற்கவில்லை. தொப்பென்று ஒரு சத்தம். கேபினில் இருந்து ஒருவர், "வந்துட்டமா?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் ஹார்டு லேண்டிங் பரிசோதனைக்காக எஞ்சினியர் லாம்பைப் பிடித்துக்கொண்டு லேண்டிங் கியருக்கு (சக்கரக் காலுக்கு) அடியில் படுத்திருந்தார். நான் பக்கத்தில் நின்று சாவி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் உடையவில்லை, என் மானத்தைத் தவிர. இறக்கை தூக்காத இடத்தில் த்ரஸ்ட் தூக்கிக்கொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

51,000 அடி விஷயம். போகும், பொய்யில்லை. மூன்று வருஷத்தில் நான் போனது ஒரே ஒரு தடவை, காலி விமானத்தில். ஆறு பேரும் நிறைந்த டேங்கும் இருந்தால் கிளம்பிய சூட்டில் அந்த உயரத்துக்கு ஏறவே முடியாது. எரித்து எரித்து எடை குறைந்த பிறகுதான். அப்போதும் மெதுவாகப் போனால் ஒரு அதிர்வு, வேகமாகப் போனால் இன்னொரு அதிர்வு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சந்து ரொம்பக் குறுகல். போதாததற்கு, அமெரிக்க விதிப்படி 41,000 அடிக்கு மேல் இரண்டு பைலட்டில் ஒருவர் ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் அதை மாட்டிப் பாருங்கள், உச்ச உயரத்தின் மேல் இருக்கும் ஆசை தானாக வடியும்.

அடுத்து ஹாக்கர். இதன் பூர்வீகம் 1962-ல் முதலில் பறந்த டி ஹாவிலாண்ட் 125. அந்த வயசு கையில் தெரியும். எலரான், எலிவேட்டர், ரடர் (சாய்க்க, மூக்கை ஏற்றி இறக்க, பக்கம் திருப்ப அசையும் பரப்புகள்) எதற்கும் ஹைட்ராலிக் உதவி கிடையாது; கேபிளின் மறுமுனையில் இருப்பது நேரடியாகக் காற்று. வேகம் கூடக் கூட கனக்கும். சிலருக்கு லாரி ஓட்டுவது போல இருக்கும். எனக்குப் பிடிக்கும், அது என்ன செய்கிறது என்று உள்ளங்கையில் சொல்லிக்கொண்டே வரும்.

உங்களுக்கு விசித்திரமாகப் படப்போவது மூக்குச் சக்கரம். இடது பக்கத்தில் ஒரு சின்னக் கைச்சக்கரம் இருக்கும், திருப்புவது அதில்தான். டேக்ஆஃபின் ஆரம்பத்தில் கேப்டனின் இடது கை அதில் இருக்கும்; ரடருக்கு உயிர் வரும்வரை யோக்கைப் பிடித்துக்கொள்வது துணை பைலட். முதல் வாரம் உங்களுக்கு மூன்றாவது கை தேவைப்படும்.

எஞ்சின் போனால் இதைவிட நல்ல சிநேகிதன் கிடையாது. இரண்டு எஞ்சினிலிருந்தும் காற்றழுத்தத்தை எடுத்து ஒன்றோடொன்று மோதவிட்டிருப்பார்கள். ஒரு பக்கம் அழுத்தம் விழுந்தால் மறுபக்கத்து அழுத்தம் தானாகவே ரடரைத் தள்ளிவிடும். நம் கால் எழுந்திருப்பதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். அதேபோல தரையைத் தொட்டதும் ஏர்பிரேக் லீவரைத் தூக்கி மேலும் பின்னுக்கு இழுத்தால் 45 டிகிரியில் இருக்கும் ஃப்ளாப் (இறக்கையின் பின்பக்க மடல்) 75-க்குப் போகும். 'லிஃப்ட் டம்ப்' என்பார்கள். இறக்கை சட்டென்று இறக்கையாக இருப்பதை விட்டுவிடும், எடை முழுக்க டயரில் வந்து உட்காரும், பிரேக் கடிக்கும்.

குறை? ஏற்றம். 28,000 பவுண்டுக்கு 9,320 பவுண்ட் த்ரஸ்ட்தான். முழு எடையில் கிளம்பினால் 37,000 பக்கம் மூச்சு வாங்கும். எரிபொருள் கரைந்த பிறகுதான் 41,000. ஒரு தடவை வெயில் நாளில் 37,000-ல் மாட்டிக்கொண்டேன். எதிரே மேக உச்சி 39,000. லியர் அந்த நேரத்துக்கு மேலே போயிருக்கும். நான் எண்பது மைல் சுற்றிப் போனேன்.

சாவரினுக்கு ஏன் கடைசி இடம் என்றால், சொல்ல அதிகம் இல்லை. அதுதான் அதன் பெருமை. த்ரஸ்ட்டுக்கும் எடைக்கும் உள்ள விகிதம் கிட்டத்தட்ட லியருடையதே: 11,540-க்கு 30,300. அதோடு அந்தப் பெரிய இறக்கையையும் சேர்த்துப் பாருங்கள். முழு எடையில் டேக்ஆஃபுக்கு 3,640 அடி போதும். ஹாக்கருக்கு 5,030, லியருக்கு 5,450 (மூன்றுமே கடல் மட்டம், 15 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு, நிஜ நாளில் கூடும்). மெயின் கியர் டிரெய்லிங் லிங்க் (இறங்கும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் மூட்டுக் கால்), சுமாராக இறக்கினாலும் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கித்தரும். ஐந்து நாட் கூடுதலாகக் கொண்டுவந்தால் மட்டும் இறங்க மாட்டேன் என்று மிதந்துகொண்டே போகும். டர்புலன்ஸில் லியரைவிட நிச்சயம் ஆட்டம் அதிகம். வேகமும் மாக் 0.80-க்கு, அதாவது ஒலி வேகத்தில் 80 சதவீதத்துக்கு, மேல் கிடையாது. 1,200 மைலில் லியர் சில நிமிடம் முன்னால் போய் நிற்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் 5,000 அடி ரன்வேதான் தீர்ப்புச் சொல்லப்போகிறது. அமெரிக்காவில் வாடகைக்கு ஆள் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு விதி: ரன்வேயின் 60 சதவீதத்துக்குள் நிற்க முடிய வேண்டும், ஈரமாக இருந்தால் இன்னும் 15 சதவீதம் சேர்க்க வேண்டும். சொந்த விமானத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லாமல் இருக்கலாம். நான் யாருக்கு ஓட்டினாலும் அந்தக் கணக்கைப் போடாமல் கிளம்புவதில்லை. லியரின் லேண்டிங் தூரம் அதிகபட்ச எடையில் 3,420 அடி. 0.6-ஆல் வகுத்தால் 5,700. ஈரத்தில் 6,555. திரும்பும் எரிபொருளையும் சுமந்துகொண்டு அங்கே இறங்குகிறீர்கள், அதனால் 'எடை குறைவாகத்தான் இருக்கும்' என்ற சமாதானமும் உங்களுக்கு முழுசாகக் கிடையாது. சாவரினுக்கு 2,650. காய்ந்த தரையில் 4,417, ஈரத்தில் 5,079. அதிகபட்ச எடையிலேயே எண்பது அடிதான் உதைக்கிறது. 500 மைல் எரித்துவிட்டு வருகிற உங்களுக்கு உதைக்காது.

திருகுசாவி

நான் ஓட்டுகிறவன் இல்லை, ஓட்டிவிட்டு வருகிறதைப் பிரிக்கிறவன். இடதுசீட் சார் சொன்ன இறக்கைக் கணக்கோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: டயர்.

2008 செப்டம்பரில் தென் கரோலினாவின் கொலம்பியாவில் லியர் 60 ஒன்று டேக்ஆஃபில் ரன்வேயைத் தாண்டிப் போனது. ஆறு பேரில் நான்கு பேர் இறந்தார்கள். டயரில் காற்று மிகக் குறைவாக இருந்ததுதான் ஆரம்பம். அந்த வகை டயரில் ஒரு நாளைக்குச் சுமார் இரண்டு சதவீதம் காற்று தானாகவே இறங்கும். மூன்று வாரம் யாரும் பார்க்கவில்லை. ஓடும்போது டயர் வெடித்தது, துண்டுகள் கியர் பக்கத்து சென்சார் கம்பிகளை அறுத்தன, விமானம் தான் தரையில் இருப்பதையே மறந்தது. கேப்டன் ரிவர்ஸ் (விமானத்தை நிறுத்த எஞ்சின் விசையை எதிர்ப்பக்கம் திருப்புவது) கேட்டார். ரிவர்ஸர் மூடிக்கொண்டு எஞ்சின் முன்னோக்கித் தள்ளியது. அதோடு, நிறுத்தக்கூடிய வேகத்தைத் தாண்டிய பிறகு நிறுத்த முயன்றதையும் விசாரணை அறிக்கை சொல்கிறது.

ஒரு காலில் இரட்டைச் சக்கரம் இருக்கும் விமானத்தில் ஒரு டயர் இறங்கினால் பக்கத்து டயர் சுமையை வாங்கிக்கொள்ளும், கண்ணால் பார்த்தால் தெரியாது. உதைத்துப் பார்த்தாலும் தெரியாது (இன்னமும் உதைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்). கேஜ் (காற்றழுத்தமானி) வைக்க வேண்டும். லியர் வாங்கினால் நல்ல கேஜ் வாங்குங்கள், தினமும் வையுங்கள், எழுதி வையுங்கள்.

ஹாக்கரில் என் தலைவலி டிகேஎஸ். பனி பிடிக்காமல் இருக்க இறக்கையின் முன் விளிம்பில் உள்ள நுண்துளைகள் வழியாகக் கிளைகால் திரவம் கசியும். எஞ்சினிலிருந்து சூடான காற்றைத் திருடாது என்பது நல்லதுதான், ஆனால் திரவம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். பிறகு ஹேங்கர் தரை எப்போதும் வழவழ. அதன் டிஎஃப்இ731 எஞ்சின் எனக்குப் பழைய நண்பன், எங்கேயும் ஆள் தெரிந்தவர் கிடைப்பார். மூன்றுமே இப்போது தயாரிப்பில் இல்லை, கடைசி லியர்ஜெட் 2022 மார்ச்சில் வெளியே போனது. உதிரி தேடி அலையும் காலத்தையும் கணக்கில் வையுங்கள்.

ஜாய்ஸ்டிக்

இடதுசீட் அண்ணே, உங்கள் வகுத்தல் கணக்கு அழகு. கேபிளால் ஓடும் விமானத்துக்கு மட்டும்தான் முழுசாகப் பொருந்தும். நான் எம்ப்ரேயரின் பிரேட்டர் 500 ஜெட் ஓட்டுகிறேன், முன்னால் ஹாக்கர். இங்கே யோக்குக்குப் பதில் பக்கத்தில் சின்ன சைட்ஸ்டிக், முழு ஃப்ளை-பை-வயர் (கேபிளுக்குப் பதில் கம்ப்யூட்டர் வழியாகக் கட்டளை போகும்). குலுங்கும்போது கம்ப்யூட்டரே கட்டுப்பாட்டுப் பரப்புகளை அசைத்துக் குலுக்கலைக் குறைக்கும். ட்ரிம் (கையில் வரும் கனத்தைச் சரிசெய்வது) என்ற சொல்லை மறந்தே போனேன். ஸ்டிக்கை முழுசாக இழுத்துப் பிடித்தாலும் ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும்) கோணத்துக்கு முன்பே நிறுத்திவிடும். லேண்டிங் தூரம் 2,086 அடி; உங்கள் கணக்கில் ஈரத்திலும் 4,000-க்குள் முடிகிறது.

இடதுசீட்

ஒப்புக்கொள்கிறேன் தம்பி, கம்ப்யூட்டர் வந்த பிறகு இறக்கை பேசும் மொழி மாறிவிட்டது. ஒரு கேள்வி. பக்கத்து சீட்டில் இருப்பவர் ஸ்டிக்கை என்ன செய்கிறார் என்று உங்கள் கைக்குத் தெரிகிறதா?

ஜாய்ஸ்டிக்

தெரியாது. இரண்டு ஸ்டிக்கும் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. புதுப் பையன்களோடு போகும்போது அதுதான் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும். ஹாக்கரில் அவன் பயப்படுவது யோக் வழியாக எனக்கு வந்துவிடும். இங்கே அவன் முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கிங்ஏர்காரன், உங்கள் பட்ஜெட் பழைய ஹாக்கர் என்றால் பிரேட்டர் எட்டாது, அதனால் என்னை விடுங்கள். சைட்டேஷன் எக்ஸ்எல்எஸ் பார்த்தீர்களா? 20,200 பவுண்ட், 370 சதுர அடி, 55தான் வருகிறது. நேர் இறக்கை, கிங் ஏரிலிருந்து போகிறவனுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

இடதுசீட்

நல்ல யோசனை. மாக் 0.75-தான் என்றால் முதலாளி முகம் சுளிப்பார், 2,000 மைல் கேட்டால் எக்ஸ்எல்எஸ் கை விரிக்கும். அவர்கள் ஓட்டம் 1,200 என்கிறார், அதற்குத் தாராளம்.

கிங்ஏர்காரன்

எல்லோருக்கும் நன்றி. வகுத்தல் கணக்கைத் தாளில் போட்டு முதலாளியிடம் காட்டினேன். எண்களைப் பார்த்தார், தலையாட்டினார், "ஆனா லியர் பார்க்க அழகா இருக்கே" என்றார். அழகுக்கு என்னிடம் பதில் இல்லை. எப்படிச் சொல்லிப் புரியவைப்பது சார்?

இடதுசீட்

நீங்கள் சொல்லாதீர்கள். தரகரிடம் மட்டும் ஒன்று கேளுங்கள்: ஆறு பேரை ஏற்றி, திரும்பும் எரிபொருளோடு, உங்கள் 5,000 அடி ரன்வேயில் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதலாளி பின் சீட்டில் இருக்கட்டும். லியர், சாவரின் இரண்டுக்கும் ஒரே நிபந்தனை.

அழகைப் பற்றிச் சொன்னது உண்மைதான். வேலையை விட்ட அன்று நானும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன்.

கிங்ஏர்காரன்

பத்து நாள் கழித்து வருகிறேன். சாவரின்காரர் தேதி கொடுத்து, சொன்னபடி வந்து, இறக்கிக் காட்டிவிட்டுப் போனார். கொஞ்சம் மிதந்தது, நீங்கள் சொன்ன மாதிரியே. ரன்வேயிலிருந்து வெளியேறும் டர்ன் ஆஃபுக்கு மெதுவாக உருண்டு போகும்போது மீதி ரன்வே எவ்வளவு என்று முதலாளியே ஜன்னல் வழியாக எண்ணிக்கொண்டிருந்தார்.

லியர் தரகர் இரண்டு தடவை தேதி மாற்றினார். நேற்று ஃபோன் செய்து, வருகிறோம், ஆனால் ஆறு பேருக்குப் பதில் இரண்டு பேர் போதுமா என்று கேட்டார். முதலாளி ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு தரகர், "அன்னைக்கு மழை வராதில்ல?" என்றும் கேட்டார்.